அங்கன்வாடிக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவங்களுக்கே அங்க வேலை காலியானது தெரியல

மதிப்புக்குரிய ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்துல பெங்களூரு ரோட்டு மேல இருக்கிற ஒரு சின்ன டவுன்ல பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கேன். மூணு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், அவ்ளோதான் கடை. 14 வருஷமா இந்த சுத்துவட்டார ஊருங்கள்ல இருந்து வர்ற பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் வேலைக்கு அப்ளை பண்ணி குடுக்கிறது தான் என் பொழப்பு, அதனால நம்ம தமிழ்நாட்டுல வேலை பத்தின சேதி எப்படி ஓடுது எங்க வந்து நிக்குதுன்னு தினமும் கண்ணால பாக்குறவ நான், அத உங்க பேப்பர் மூலமா நாலு பேருக்கு சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, போன வாரம் நடந்த ஒண்ணுக்கு அப்புறம் இனிமே எழுதாம இருக்க முடியாதுன்னு உக்காந்துட்டேன்.

போன திங்கக்கிழமை காலையில கடை தெறக்கும்போதே ஒரு அம்மா வாசல்ல உக்காந்திருந்தாங்க. வயசு 36, 37 இருக்கும், புருஷன் செத்து மூணு வருஷம் ஆச்சு, ரெண்டு பிள்ளைங்க. கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள பத்தாவது மார்க் ஷீட், டிசி, ஆதார், ரேஷன் கார்டு, விதவை சான்று, எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரப்பர் பேண்ட் சுத்தி வெச்சிருந்தாங்க, அவ்ளோ பத்திரம். அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாமே, எழுதி குடு கண்ணுன்னு போனை நீட்டுனாங்க. வாட்ஸ்அப்ல வந்த ஒரு படம். அதுல கல்வித்தகுதி இருக்கு, வயசு இருக்கு, சம்பளம் இருக்கு, ஆனா கடைசி தேதி இருக்க வேண்டிய எடத்துல யாரோ ஒரு யூடியூப் சேனல்காரர் தன்னோட லோகோவ ஒட்டி வெச்சிருக்கார், அதுக்கு கீழ படம் வெட்டுப்பட்டு போச்சு. நான் சிஸ்டம் ஆன் பண்ணி ஒரிஜினல் அறிவிப்ப தேடி எடுத்து பாத்தா கடைசி நாள் முந்தின வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சு.

மூணு நாள். சனி, ஞாயிறு, திங்கள். அந்த அம்மாகிட்ட நான் அத எப்படி சொல்றதுன்னே தெரியல. அவங்க அழுவல, "நாலு வீடு தள்ளி தாம்மா அங்கன்வாடி, எம் பிள்ளைங்க ரெண்டும் அங்க தான் கஞ்சி குடிச்சி வளந்துச்சு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு மட்டும் சொல்லிட்டு மறுபடியும் அந்த ரப்பர் பேண்ட சுத்துனாங்க.

அய்யா, அங்கன்வாடி வேலையில இருக்கிற விஷயம் என்னன்னா அது உள்ளூர்க்காரங்களுக்குன்னே உள்ள வேலை. அதே ஊர், இல்லன்னா பக்கத்து ஊர்ல குடியிருக்கிறவங்களா இருக்கணும்னு ரூல்லயே இருக்கு, விதவைங்களுக்கும் கணவரால கைவிடப்பட்டவங்களுக்கும் வயசுல சலுகை இருக்கு, உதவியாளர்னா பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா போதும். 2025 ஏப்ரல்ல மாநிலம் முழுக்க பணியாளர், குறு அங்கன்வாடி பணியாளர், உதவியாளர் எல்லாம் சேர்த்து 7,783 இடத்துக்கு ஆள் எடுக்கிறதா சேதி வந்துச்சு. உதவியாளருக்கு முதல் ஒரு வருஷம் தொகுப்பூதியம் மாசம் 4,100 ரூபா தான், பெரிய சம்பளம் இல்ல தான், ஆனா அதுக்கப்புறம் காலமுறை ஊதியம்னு வருஷா வருஷம் ஏறுற சம்பளம், ஊர விட்டு போக வேணாம், பிள்ளைங்கள பாத்துக்கலாம், தனியா நிக்கிற ஒரு பொம்பளைக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு கிராமத்துல இருக்கிறவங்களுக்கு தான் தெரியும். ஒரு ஊர்ல அந்த வேலைக்கு தகுதி உள்ளவங்க மிஞ்சிப் போனா அம்பது பேர் இருப்பாங்க. அந்த அம்பது பேருக்கு சொல்ல வேண்டிய சேதிய மாவட்ட வெப்சைட்ல ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பா ஏத்திட்டு, ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒரு காப்பி ஒட்டிட்டா, அது அந்த ஊருக்கு எப்படிங்க போய் சேரும். அந்த ஆபீசுக்கு ஏற்கனவே போய் வர்றவங்களுக்கு மட்டும் தான் தெரியும். அந்த அங்கன்வாடி செவுத்துலயே ஒரு பேப்பர் ஒட்டியிருந்தா அந்த அம்மா முதல் நாளே வந்திருப்பாங்க.

இது அங்கன்வாடிக்கு மட்டும் இல்ல. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 வந்தா ஊர் உலகத்துக்கே தெரிஞ்சிரும், ஏன்னா அதுக்கு கோச்சிங் சென்டர் இருக்கு, புக் விக்கிறவங்க இருக்காங்க, முன்கூட்டியே டிஎன்பிஎஸ்சி வருஷாந்திர திட்ட அட்டவணை போட்டுருது, பசங்களும் அத பாத்து தயாராயிடறாங்க. ஆனா மாவட்ட அளவுல வர்ற சின்ன சின்ன வேலைங்க இருக்கே, கிராம உதவியாளர், ரேஷன் கடை விற்பனையாளர், அங்க பொருள் கட்டிக் குடுக்கிற கட்டுநர், சத்துணவு சமையலர், மாவட்ட நலவாழ்வு சங்கத்துல ஒப்பந்த நர்ஸ், லேப் டெக்னீஷியன், கோர்ட்டுல அலுவலக உதவியாளர், ஒருங்கிணைந்த சேவை மையத்துல காவலாளி, அறநிலையத்துறை கோயில்ல தட்டச்சர், திருவலகுன்னு கோயில் பெருக்குற வேலை, இதெல்லாம் எப்ப வருது எப்ப போகுதுன்னு யாருக்கும் தெரியாது. 2022-ல கிராம உதவியாளருக்கு மட்டும் மாநிலம் முழுக்க 2,748 இடம் நிரப்பப் போறதா அறிவிப்பு வந்துச்சு, தலையாரி வேலைன்னு சொன்னா எங்க ஊர்ல எல்லாருக்கும் புரியும், அதுக்கு அந்தந்த தாலுகாக்காரங்க தான் போட முடியும். எங்க பக்கத்துல எத்தனையோ பசங்க தேர்வெல்லாம் முடிஞ்ச பிறகு வந்து "அக்கா தலையாரி போஸ்ட் விட்டாங்களாமே"ன்னு கேட்டாங்க.

ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு சைட். டிஎன்பிஎஸ்சி தனி, போலீசுக்கு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தனி, டீச்சருக்கு டிஆர்பி தனி, ஆஸ்பத்திரி வேலைக்கு எம்ஆர்பி தனி, கூட்டுறவுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் தனி, ஹைகோர்ட் தனி, கோயில் தனி, அதுக்கு மேல 38 மாவட்டத்துக்கும் 38 சைட். இதெல்லாத்தையும் தினமும் தெறந்து பாக்க யாரால முடியும், நானே காலையில டீ குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இதுக்குன்னே உக்காருறேன், அப்படியும் ரெண்டு மூணு விட்டுப் போகுது. அந்த பிடிஎஃப்பும் தாள ஸ்கேன் பண்ணி போட்டதா இருந்தா கூகுள்ல தமிழ்ல தேடினா மாட்டாது. சில சமயம் தாள் கோணையா ஸ்கேன் ஆகி கடைசி வரி பாதி தான் தெரியும், அந்த பாதி வரியில தான் கடைசி தேதி இருக்கும்.

எங்க காலத்துல எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்னு ஒண்ணு தான். 1998-ல பிளஸ் டூ முடிச்சதும் எங்க அப்பா என்ன திருவண்ணாமலைக்கு முதல் பஸ்ல கூட்டிட்டு போனார், காலையில ஏழு மணிக்கே லைன் ரோடு வரைக்கும் நின்னுச்சு, சாயங்காலம் ஒரு மஞ்சள் அட்டை குடுத்தாங்க, அத எங்க அப்பா சாமி படத்துக்கு பின்னாடி வெச்சார். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல், எங்க அப்பா இருந்த வரைக்கும் ஒரு தடவை கூட விடல. இண்டர்வியூ கார்டு வரும் வரும்னு பாத்து எனக்கு கல்யாணம் ஆகி புள்ள பொறந்து இந்த கடையும் வெச்சாச்சு, கார்டு வரல. அதுக்காக நான் யாரையும் குத்தம் சொல்ல வரல, பல லட்சம் பேர் பதிஞ்சு வெச்சிருக்கிற எடத்துல சீனியாரிட்டி எப்ப வரும். அதுவும் இல்லாம 1996-லயே சுப்ரீம் கோர்ட், எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் லிஸ்ட்ட மட்டும் வாங்கினா போதாது, பேப்பர்லயும் விளம்பரம் குடுத்து எல்லாருக்கும் வாய்ப்பு குடுக்கணும்னு சொல்லிருச்சு, அது நியாயம் தான். இப்ப முக்கால்வாசி வேலை தேர்வு வெச்சு தான் எடுக்கிறாங்க.

ஆனா பதிவு வேணாம்னு பசங்க நெனைக்கிறாங்க பாருங்க, அது தப்பு. இப்ப பதிவு, ரினியூவல் எல்லாம் ஆன்லைன்ல காசு இல்லாமலே பண்ணலாம், லைன்ல நிக்க வேணாம். வேலை கிடைக்காதவங்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை குடுக்குது, பத்தாவது ஃபெயில்னா மாசம் 200 ரூபா, பாஸ்னா 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600, மூணு வருஷம் வரைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு இத விட ஜாஸ்தி. பதிவு பண்ணி அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், மாற்றுத்திறனாளின்னா ஒரு வருஷம் போதும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-த்துக்குள்ள இருக்கணும், வயசு 40, எஸ்சி எஸ்டிக்கு 45. முக்கியமா பதிவ தொடர்ந்து ரினியூ பண்ணிட்டு வந்திருக்கணும், நடுவுல ஒரு தடவை விட்டா அந்த அஞ்சு வருஷ கணக்கு போச்சு. டிகிரி முடிச்சிட்டு வீட்டுல இருக்கிற ஒரு பொண்ணுக்கு 600 ரூபாய்ங்கிறது அப்ளிகேஷன் ஃபீசுக்கும் பஸ் சார்ஜுக்கும் அப்பாகிட்ட கை நீட்டாம இருக்கிற காசு. இத வாங்க தகுதி இருந்தும் வாங்காதவங்க எங்க டவுன்லயே எத்தனை பேர் இருக்காங்கன்னு எனக்கு தெரியும், ஏன்னா கேட்டா "அப்படி ஒண்ணு இருக்கா"ங்கிறாங்க.

அதே மாதிரி தமிழ் வழியில படிச்சவங்களுக்கு தமிழ்நாடு அரசு வேலையில 20 சதவீத ஒதுக்கீடு. 2010-ல வந்த சட்டம், 2020-ல அத திருத்தி ஒண்ணாம் வகுப்புல இருந்தே தமிழ் மீடியத்துல படிச்சிருக்கணும்னு ஆக்கிட்டாங்க. எங்க பக்கம் கவர்மெண்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல படிச்ச பசங்களுக்கு இது பொருந்தும், ஆனா அந்த சான்றிதழ ஒண்ணாவதுல இருந்து படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் போய் ஹெட்மாஸ்டர்கிட்ட வாங்கணும். ஒரு பையன் சர்டிபிகேட் வெரிஃபிகேஷனுக்கு பத்து நாள் இருக்கும்போது தான் இத கேள்விப்பட்டு ஓடி வந்தான், அவன் படிச்ச ஆரம்பப் பள்ளி ஆள் இல்லாம மூடிட்டாங்க, ரிஜிஸ்டர் எங்க இருக்குன்னு தேடி மூணு ஆபீஸ் அலைஞ்சான். கடைசி நாளைக்கு முன்னாடி நாள் கிடைச்சிருச்சு, அவன் என் கடையில வந்து ஜெராக்ஸ் எடுக்கும்போது கை நடுங்கிச்சு. பிளஸ் டூ முடிச்சு டிசி குடுக்கிற அன்னைக்கே இந்த சான்றிதழையும் சேத்து குடுத்தா என்ன அய்யா, கூடவே எம்ப்ளாய்மெண்ட் பதிவும் பண்ணி விட்டா என்ன.

குரூப் 4 கடைசி நாள் ராத்திரி என் கடைக்கு வந்து பாருங்க. 11:59 வரைக்கும் டைம், பத்தரைக்கு இருபது பேர் நிப்பாங்க. நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபா, அது அஞ்சு வருஷத்துக்கு, தேர்வுக்கட்டணம் 100, எஸ்சி எஸ்டிக்கும் ஆதரவற்ற விதவைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் தேர்வுக்கட்டணம் கிடையாது, பிசி எம்பிசிக்கு மூணு தடவை இலவசம். இது தெரியாம வெளிய எங்கேயோ 500 குடுத்து அப்ளை பண்ணிட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேன். ஒரு தடவை ஒரு பொண்ணு, பழைய பதிவுல அப்பா நம்பர் குடுத்திருந்துச்சு, ஓடிபி அந்த நம்பருக்கு தான் போகும், அப்பா கரும்பு வெட்ட விழுப்புரம் பக்கம் போயிருக்கார், போன் ஸ்விட்ச் ஆஃப். பதினோரு மணிக்கு பக்கத்து கொட்டாயில இருந்த ஒருத்தர் போனுக்கு அடிச்சு, அவர் போய் எழுப்பி, அவர் போன சார்ஜ்ல போட்டு ஆன் பண்ணி, நம்பர ஒவ்வொண்ணா படிச்சு சொல்றார், "அஞ்சு... ஏழா ஒண்ணான்னு தெரியலம்மா"ங்கிறார். 11:48-க்கு சப்மிட் ஆச்சு. கடையில இருந்த எல்லாரும் கை தட்டுனாங்க. அந்த பொண்ணு இப்ப விஏஓ ஆபீஸ்ல இல்ல, இன்னும் படிச்சிட்டு தான் இருக்கு, ஆனா அன்னைக்கு அந்த பன்னெண்டு நிமிஷம் இல்லன்னா ஒரு வருஷம் போயிருக்கும்.

மத்திய அரசு வேலை சேதி இன்னும் மோசம். எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்னு 1976-ல இருந்து வாரப் பத்திரிகை போடுறாங்க, இங்கிலீஷ்ல வருது, இந்தியில வருது, உருதுல வருது, தமிழ்ல கிடையாது. போஸ்ட் ஆபீஸ்ல ஜிடிஎஸ்னு கிராம தபால் ஊழியர் வேலை, அதுக்கு தேர்வே இல்ல, பத்தாவது மார்க் வெச்சு தான் லிஸ்ட், தமிழ் படிச்சிருக்கணும், சைக்கிளோ வண்டியோ ஓட்டத் தெரியணும், நம்ம பசங்களுக்குன்னே அளவெடுத்த மாதிரி வேலை. இதுக்கும் ஆள் தெரியும் வாங்கித் தரேன்னு ஒருத்தர் அம்பதாயிரம் கேட்டார்னு ஒரு அப்பா என்கிட்ட வந்து விசாரிச்சார். மார்க் லிஸ்ட்ட கம்ப்யூட்டர் போட்டு எடுக்கிறாங்க, யாராலயும் வாங்கித் தர முடியாதுன்னு அவர உக்கார வெச்சு போன வருஷ லிஸ்ட்ட காட்டினேன், ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல மார்க் இருக்கு பாருங்கன்னு, அப்புறம் தான் நம்பினார். மத்திய ஆயுதப் படை கான்ஸ்டபிள் தேர்வ 2024-ல இருந்து தமிழ்லயே எழுதலாம், அது தெரியாம "இந்தி தெரியாதுக்கா"ன்னு அப்ளை பண்ணாம விட்ட பசங்க எங்க ஊர்ல இருக்காங்க, ஓட்டத்துல ஜவ்வாது மலை ஏறி எறங்குற பசங்க.

சேதி சரியா போகாத எடத்துல ஏமாத்துறவன் பூந்துடறான். என் கூடப் பொறந்த தம்பிக்கே நடந்துச்சு. 2014-ல ஒரு ஆள், கவர்மெண்ட் ஆபீஸ்ல உதவியாளர் போஸ்ட்னு சொல்லி ரெண்டு லட்சம் வாங்கினான், எங்க அம்மாவோட தாலிச் சரடும் ஒரு மாடும் அதுல போச்சு. அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் கூட வந்துச்சு, கோபுர சீல் போட்டு. அத நான் பாத்தப்பவே "பனி நியமன ஆணை"ன்னு தப்பா இருந்துச்சு, சொன்னேன், யாரும் கேக்கல, சந்தோஷத்துல இருந்தாங்க. மெட்ராஸ் போய் சேரப் போன எடத்துல வாட்ச்மேன் அந்த ஆர்டர வாங்கிப் பாத்துட்டு "தம்பி இந்த மாதிரி இந்த மாசம் நீ நாலாவது ஆளுப்பா"ன்னு சொல்லி தண்ணி குடுத்து அனுப்பினார். என் தம்பி இப்ப லாரி ஓட்டுறான். கடைக்கு ஒருத்தர் ஆர்டர் காப்பிய எடுத்துட்டு வந்தா நான் முதல்ல கேக்கிறது "இதுக்கு அறிவிப்பு எப்ப வந்துச்சு, நீங்க தேர்வு எழுதினீங்களா, உங்க நம்பர் செலக்‌ஷன் லிஸ்ட்ல இருக்கா"ன்னு தான். இந்த மூணுல ஒண்ணு கூட இல்லாம ஆர்டர் வந்தா அது பெரும்பாலும் போலி தான், ஆனா அறிவிப்பையே கண்ணால பாத்திராத ஜனங்களுக்கு உண்மையான அறிவிப்பு எது போலி எதுன்னு எப்படி தெரியும்.

பிரைவேட் வேலைய பத்தியும் சொல்லணும், ஏன்னா நெஜத்துல நம்ம பிள்ளைங்க முக்கால்வாசி போறது அங்க தான். காலையில நாலரை மணிக்கு எங்க டவுன் வழியா கம்பெனி வண்டிங்க போகும், தூங்கி வழியற பொண்ணுங்க முகம் கண்ணாடியில சாஞ்சு கிடக்கும், செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனிக்கும் மத்த எடத்துக்கும். ஒசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு ஹாஸ்டல்ல தங்கி போறவங்க இன்னும் ஜாஸ்தி. இந்த வேலை எல்லாம் எப்படி கிடைக்குதுன்னா ஒரு ஏஜெண்ட், ஒரு கன்சல்டன்சி, இல்லன்னா முன்னாடி போன பொண்ணு சொல்லி அடுத்த பொண்ணு. 1959-லயே ஒரு சட்டம் போட்டாங்க, 25 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்குற தனியார் கம்பெனியும் காலியிடத்த எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுக்கு தெரிவிக்கணும்னு, அங்க இருந்து தான் ஆள் எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, தெரிவிக்கணும், அவ்ளோதான். 2020-ல போட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துலயும் அந்த விஷயம் இருக்கு. அந்த ஒண்ணு ஒழுங்கா நடந்திருந்தா எங்க பொண்ணுங்க வேலைக்கு சேர ஏஜெண்டுக்கு ஒரு மாச சம்பளம் குடுக்க வேண்டியது வந்திருக்காது. தமிழ்நாடு அரசே தனியார் வேலைக்குன்னு 2020-ல ஒரு இணையதளம் தெறந்துச்சு, பதிவு இலவசம், கம்பெனிக்கும் இலவசம், வேலை தேடுறவங்களுக்கும் இலவசம், நல்ல விஷயம், நானே நிறைய பேர பதிஞ்சு விட்டிருக்கேன்.

வேலைவாய்ப்பு முகாமும் மாவட்டத்துக்கு மாவட்டம் நடத்துறாங்க, அதுவும் வேணும் தான். ஆனா முகாம்ல சொல்ற சம்பளத்துக்கும் கையில வாங்குற சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைங்களுக்கு முன்னாடியே தெரியணும். ஒரு பொண்ணு 16,000-ன்னு சொல்லி ஒரு கம்பெனிக்கு போச்சு, பிஎஃப், இஎஸ்ஐ, சாப்பாடு, ஹாஸ்டல், பஸ் எல்லாம் பிடிச்சு 9,400 வந்துச்சு, அதுவும் கம்பெனி ரோல் இல்ல, கான்ட்ராக்டர் ரோல், ஆறு மாசத்துல பிரேக் குடுத்து அனுப்பிட்டாங்க. நான் இப்ப முகாமுக்கு போற ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் சொல்லி அனுப்புறது, கம்பெனி ரோலா கான்ட்ராக்ட்டான்னு கேளு, ட்ரெயினின்னா எத்தனை மாசம்னு கேளு, பிடிச்சது போக கையில எவ்ளோன்னு கேளு, பயப்படாத, கேட்டா வேலை குடுக்க மாட்டாங்கன்னு நெனைக்காத.

இப்ப நான் கேக்க வந்தது. மாவட்ட அளவுல எந்த வேலைக்கு ஆள் எடுத்தாலும் குறைஞ்சது 30 நாளாவது டைம் குடுக்கணும், அந்த வேலை எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர் ரேஷன் கடையிலயும் ஊராட்சி ஆபீஸ்லயும் அங்கன்வாடி செவுத்துலயும் ஒரு தாள் ஒட்டணும், ஊர்ல தண்டோரா போடுறவர் இன்னும் இருந்தா அவரையும் சொல்ல சொல்லலாம். மாநிலம் முழுக்க எல்லா டிபார்ட்மெண்ட் வேலையும் ஒரே எடத்துல, தமிழ்ல, டைப் பண்ணின எழுத்துல, கடைசி தேதி வரிசையில இருக்கணும், இத மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமே வாராவாரம் தொகுத்து கிளை நூலகத்துக்கெல்லாம் அனுப்பலாம். நம்ம ஊர்ல நூலகம் இல்லாத டவுன் இல்ல, வேலைக்கு படிக்கிற பசங்க எல்லாம் அங்க தான் உக்காந்து படிக்கிறாங்க. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துலயே தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவச கோச்சிங் நடக்குது, அதுவே எங்க டவுன்ல பாதி பசங்களுக்கு தெரியாது, பதினஞ்சாயிரம் இருபதாயிரம் கட்டி பிரைவேட்ல சேர்றாங்க.

உங்ககிட்ட கேக்கிறதும் ஒண்ணு இருக்கு. உங்க பேப்பர் எங்க டவுன்ல டீக்கடை, சலூன், நூலகம் எல்லா எடத்துலயும் கிடக்குது, போன் இல்லாத வீட்டுலயும் படிக்கிறாங்க, மிக்சர் கட்டின காகிதத்துல கூட படிக்கிறாங்க. வாரத்துல ஒரு நாள் அரை பக்கம் மாவட்ட வேலை சேதிக்குன்னு குடுங்க. என்ன வேலை, என்ன படிப்பு, வயசு என்ன, அப்ளிகேஷன் எங்க குடுக்கணும், ஃபீஸ் உண்டா இல்லையா, இத மட்டும் போடுங்க, "சூப்பர் வாய்ப்பு, உடனே விண்ணப்பிங்க"ன்னு தலைப்பு எல்லாம் வேணாம். கடைசி தேதிய மட்டும் தனியா, பெருசா, கண்ணாடி போடாதவங்களுக்கும் தெரியற மாதிரி மேல போடுங்க.

நான் என் கடை ஷட்டர் பக்கத்துல ஒரு கரும்பலகை வெச்சு எழுதிட்டு வர்றேன், இந்த வாரம் அதுல ஏழு வரி இருக்கு. மூணாவது வரியில ஒரு ஆஸ்பத்திரியில பல்நோக்கு பணியாளர் வேலை, எட்டாவது போதும், ஒப்பந்த வேலை தான். நேத்து அந்த அம்மாவுக்கு போன் பண்ணி வர சொன்னேன். அப்ளிகேஷன நானே நிரப்பி ஸ்பீட் போஸ்ட்ல போட்டுட்டோம், கடைசி நாளைக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்.